மகளுக்கு சீட், எனக்கு இன்டர்வியூ

அமெரிக்காவில் நம்மூர்க்காரர் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் சொந்த ஊரைக் கேட்பார்கள். அடுத்து விசாவைக் கேட்பார்கள். மூன்றாவதாக, பிள்ளை என்ன கிளாஸ் என்பார்கள். பதினொன்று என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அந்தப் பிள்ளைக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும், எது கிடைக்காது என்று இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த சமோசாவை எடுப்பார்கள். சம்பந்தப்பட்ட பிள்ளையைக் கேட்கிற வழக்கம் கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஹூஸ்டனை ஒட்டியிருந்த எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தாள். கார்த்திகா, எங்கள் ஒரே மகள். ஒன்பது வயதில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து எங்களோடு வந்தவள். அது வேண்டும், இது வேண்டும் என்று கேட்டே பழக்கமில்லாத பெண். அவள் வாயைத் திறந்து ஆசையாகக் கேட்ட ஒரே விஷயம் ஒரு காலேஜ். வடகிழக்கில் பனி கொட்டுகிற ஊரில் இருக்கிறது. (பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவள் ஒரு மாதம் போன் எடுக்க மாட்டாள்.) விண்ணப்பிக்கிறவர்களில் முக்கால்வாசிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுகிற இடம் அது.

எனக்கு இருந்த தலைவலி, அவளுக்கு அங்கே கிடைக்குமா கிடைக்காதா என்று கணக்குப் போட முடியாததுதான். நான் வளர்ந்த ஊரில் கட்-ஆஃப் என்று ஒன்று உண்டு. மார்க்கைக் கூட்டு, வகுத்துக்கொள், பேப்பரில் வந்ததோடு ஒப்பிட்டுப் பார், சந்தோஷப்படு அல்லது மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொள். இங்கே அந்த வசதி இல்லை. மனது கேட்காமல் அந்தக் காலேஜுக்கே போன் போட்டு, "போன வருஷம் கட்-ஆஃப் எவ்வளவு?" என்று கேட்டேன். போனை எடுத்த பெண்மணி ரொம்பப் பொறுமையாக, அப்படி எதுவும் கிடையாது, நாங்கள் முழு மனிதரையும் பார்க்கிறோம் என்றார். மார்க் ஷீட் இருக்கும்போது மனிதரை எதற்குப் பார்க்க வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.

அப்படிக் குழம்பியவர்கள் எல்லோரும் போகிற இடம், நம்மூர்க் கடைகள் வரிசையாக இருக்கும் ஹில்கிராஃப்ட் தெருவில் இருந்த ஷாகுல் பாயின் மளிகைக் கடை. பாய் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய மூன்று பிள்ளைகளும் பெரிய பெரிய காலேஜுக்குப் போய்விட்டதால், பிள்ளைகளின் சான்ஸைக் கணித்துச் சொல்லும் உரிமை அவருக்குத் தானாக வந்து சேர்ந்துவிட்டது. பொன்னி அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தபடியே மார்க்கைக் கேட்பார், கண்ணை மூடுவார், பர்சன்டேஜ் சொல்வார்.

கார்த்திகாவின் மார்க்கைச் சொன்னேன். கண்ணை மூடித் திறந்தார்.

"மார்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இத எல்லாப் பிள்ளையளும் வச்சிருக்கு."

"அப்புறம் எதைத்தான் பாய் பாக்கறாங்க?"

"குடும்பத்தைப் பாக்காங்க சார். அப்பா என்ன படிச்சிருக்காரு, எங்க படிச்சாருன்னு ஃபார்ம்ல கேட்டிருக்காம்லா? சும்மாவா கேப்பான்?"

வீட்டுக்கு வந்து ஃபார்மைப் புரட்டினேன். பாய் சொன்னது சரிதான். தகப்பனார் படித்த கல்லூரி, பட்டம், தாயார் படித்த கல்லூரி, பட்டம் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். ஃபார்மை மூடி வைத்துவிட்டேன். காரணம், பி.இ. படிக்கும்போது என்ஜினீயரிங் டிராயிங்கில் எனக்கு ஒரு அரியர் உண்டு.

அதைவிடப் பெரிய காரணமும் ஒன்று இருந்தது. கார்த்திகாவை எல்.கே.ஜி.யில் சேர்க்க ஈரோட்டில் ஒரு பெரிய கான்வென்ட்டுக்குப் போனோம். நம்மூரில் எல்.கே.ஜி.க்கு இன்டர்வியூ என்றால் அது குழந்தைக்கு அல்ல, அப்பா அம்மாவுக்குத்தான். குழந்தை பாட்டுக்கு பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எங்கள் ஸ்கூலிடமிருந்து நீங்கள் எதிர்பார்ப்பது என்ன என்று ஹெட்மிஸ்ட்ரஸ் இங்கிலீஷில் கேட்டார். நான் "எஸ், மேடம்" என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் "எஸ், மேடம்" என்றேன். சீட் கிடைக்கவில்லை. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் வாங்கிக் கொடுத்த பலூனோடு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தாள். நான்தான் அதை வருஷக்கணக்கில் மறக்கவில்லை.

இப்போது புரிந்திருக்கும். ஒரு சனிக்கிழமை போன் வந்து, எதிர்முனையில் ஒரு அம்மாள், நான் அந்தக் காலேஜில் படித்தவள், அவர்கள் சார்பில் இன்டர்வியூவுக்காகப் பேசுகிறேன், அடுத்த வாரம் என் வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டபோது, எனக்குச் சந்தேகமே வரவில்லை. "கட்டாயம் வருகிறோம் மேடம், ரெண்டு பேருமே வருகிறோம்" என்றேன். சந்தோஷம் என்று சொல்லி விலாசம் கொடுத்தார்.

என் மனைவி பூங்கொடிக்குத்தான் லேசாக உறுத்தியது.

"ஏனுங்க, காலேஜுல சேரப் போறது அவ. நம்மள எதுக்குங்க கேக்கறாங்க?"

"எல்.கே.ஜி.க்கே கேட்டாங்க. இது எவ்வளவு பெரிய காலேஜ், கேக்காம விடுவாங்களா?"

அவள் பட்டுப்புடவையைத் தேடி எடுக்கப் போய்விட்டாள். (நியாயம் என்னவோ என் பக்கம் இருப்பது மாதிரித்தான் இருந்தது.) எங்களுக்கும் இன்டர்வியூ இருப்பதைக் கார்த்திகாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். தன் சீட் அப்பாவின் இங்கிலீஷில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் குழந்தை பயந்துவிடும் என்று நினைத்தேன்.

அந்த ஒரு வாரம் நான் படித்த மாதிரி பி.இ.யில் படித்திருந்தால் அரியரே வந்திருக்காது. ஆபீசுக்கு ஃப்ரீவேயில் போகும்போது காருக்குள் சத்தமாக இங்கிலீஷில் பதில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து லேனில் போனவர்கள் என்னைப் பார்த்துவிட்டு லேன் மாறினார்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், மார்க் ஷீட், டிகிரி எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்தேன். நகல் என்றால் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேண்டுமே. டெக்சாஸில் கெஜட்டட் ஆபீசருக்கு எங்கே போவது? கடைசியில் பாங்கில் இருந்த நோட்டரியிடம் போய் நின்றேன். அந்தப் பெண், இது எதற்கு என்று கேட்டாள். மகளின் காலேஜ் அட்மிஷனுக்கு என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள்.

பூங்கொடிக்கும் பயிற்சி கொடுத்தேன். அவள் பி.எஸ்சி. விலங்கியல்.

"ஒய் டிட் யூ சூஸ் ஜுவாலஜி? சொல்லு."

"பஸ் மாறாம போற காலேஜுல அது ஒண்ணுதாங்க மிச்சமிருந்துச்சு."

"அப்படிச் சொல்லக்கூடாது. ஐ ஹேவ் எ பேஷன் ஃபார் லிவிங் திங்ஸ்னு சொல்லு."

"கரப்பான்பூச்சியை அறுத்துட்டு மூணு நாள் சோறு உங்காம கெடந்தனுங்க. பேஷனாமா."

இன்டர்வியூ நாள் வந்தது. நான் கோட் சூட். பூங்கொடி பட்டுப்புடவை. கார்த்திகா சாதாரணமாக ஒரு சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு வந்து எங்களைப் பார்த்தாள். "ஒய் ஆர் யூ கைஸ் ட்ரெஸ்ட் அப்?" என்றாள். "ஒரு மரியாதைக்கும்மா" என்றேன். அவள் தன் பதில்களை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை. நாங்கள் அவளை இறக்கிவிட்டுவிட்டுக் காரில் இருக்கப் போகிறோம் என்று நினைத்திருக்கிறாள்.

அந்த அம்மாளின் பெயர் எலனோர். ஓய்வு பெற்ற பல் டாக்டர். நரைத்த தலை, சிரித்த முகம், பக்கத்தில் டியூக் என்று கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு கிழட்டு நாய். நாங்கள் மூன்று பேரும் உள்ளே நுழைந்ததைப் பார்த்து ஒரு நொடி யோசித்தார். பிறகு நல்ல மனுஷி, இன்னும் இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். அவருக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

"உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று நான் கவனிக்கவில்லை. ஃபைலின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"மைசெல்ஃப் பழனிச்சாமி" என்று ஆரம்பித்தேன்.

"டாட்" என்றாள் கார்த்திகா.

"இரும்மா, அப்பா சொல்றேன்."

சொன்னேன். நெல்லுக்கும் மஞ்சளுக்கும் பேர்போன ஊரில் பிறந்ததைச் சொன்னேன். எட்டாவது வரை தமிழ் மீடியம் என்பதைச் சொன்னேன். என் பலம், என் பலவீனம், ஐந்து வருஷம் கழித்து நான் எங்கே இருப்பேன் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர். தானாகத் திறந்த வாயை எப்படி மூடச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. நடுவில் இன்னும் இரண்டு "டாட்" கேட்டது. நான் நிறுத்தவில்லை.

ஃபைலை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இந்த முத்திரை எதற்கு என்று கேட்டார். "ட்ரூ காப்பி, மேடம்" என்றேன். நானாகவே அரியர் இருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"இதில் ஒரு பாடம் போயிருக்கும் மேடம். அந்த செமஸ்டர் எனக்கு டைபாய்டு. அடுத்ததிலேயே பாஸ் பண்ணிவிட்டேன். தயவுசெய்து இதை வைத்து இவளைக் குறைத்து எடை போட்டுவிடாதீர்கள். எல்.கே.ஜி.யில் நான் ஒழுங்காகப் பதில் சொல்லாததால்தான் இவளுக்கு நல்ல ஸ்கூல் கிடைக்காமல் போனது. இந்த முறை எதை வேண்டுமானாலும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி, அடுத்து தாயார் முறை போலிருக்கிறது என்று நினைத்து, பூங்கொடியைக் காட்டி, இவரிடம் ஏன் விலங்கியல் எடுத்தார் என்று கேளுங்கள் என்று எடுத்துக் கொடுத்தேன். அவரும் மரியாதைக்குக் கேட்டார். பூங்கொடி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிறுத்தி நிதானமாக, "ஒன்லி ஒன் பஸ், மேடம்" என்றாள்.

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் டியூக் எழுந்து உட்கார்ந்தது. சிரித்து முடித்துவிட்டு, கை நீட்டி என் கையைத் தொட்டார்.

"மிஸ்டர் பழனிச்சாமி, இந்த நாற்காலிக்கு இவ்வளவு தயாராக யாரும் வந்ததில்லை. ஆனால் நாங்கள் பெற்றோரை இன்டர்வியூ செய்வதில்லை. மாணவியிடம் மட்டும்தான் பேசுவோம்."

கார்த்திகாவைப் பார்த்தேன். தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன. அவள் அழாமல் இருக்கப் பாடுபடும்போது அப்படித்தான் சிவக்கும்.

"டியூக்குக்கு வாக்கிங் போகிற நேரம். உங்களுக்குச் சிரமமில்லை என்றால்?" என்று நாயின் வாரை என் கையில் கொடுத்தார் டாக்டரம்மா. எங்களை நோகாமல் வெளியே அனுப்ப அதைவிட நல்ல வழி அவருக்கு இல்லை.

அப்படியாக, கோட் சூட்டில் நானும் பட்டுப்புடவையில் பூங்கொடியும் யாரோ ஒருவருடைய நாயைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒருவருடைய தெருவில் நடந்தோம். புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஃபைல் இன்னும் என் அக்குளில்தான் இருந்தது.

"அந்தக் கான்வென்ட்டுக்கு இத்தன வருஷம் கழிச்சு சப்ளிமென்டரி எழுதியிருக்கறீங்க. அதுவும் தப்பான சென்டர்ல" என்றாள் பூங்கொடி.

"அவ சீட்டை நானே கெடுத்துட்டனா பூங்கொடி?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்பா அமெரிக்கக் காலேஜில் படித்தவர், விவரம் தெரிந்தவர். இவளுக்கு வாய்த்த அப்பா நான். அதை நினைத்துத்தான் அழுகை வந்தது.

"கெடுத்தீங்களோ இல்லியோ, மொதல்ல இந்த நாயத் திருப்பிக் கொண்டுபோயி உடோணுமுங்க" என்றாள். டியூக் அந்தப் புல் வெட்டுகிறவர் வாசலில் படுத்துவிட்டது. இழுத்தேன், கெஞ்சினேன், தமிழில் அதட்டினேன். அசையவில்லை. கடைசியில் டாக்டரம்மாவும் கார்த்திகாவும் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தபடி வந்தார்கள். என்னைப் பார்த்ததும் கார்த்திகா சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

காரில் பாதி தூரம் வந்ததும், "உள்ள என்னம்மா கேட்டாங்க?" என்றேன். "ஸ்டஃப்" என்றாள். ஃப்ரீவேயிலிருந்து இறங்கும்போது, "டாட், நெக்ஸ்ட் டைம் ஜஸ்ட் ஆஸ்க் மீ" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அரிசி வாங்கப் போனபோது பாயிடம் நடந்ததைச் சொன்னேன். இந்த முறை அவர் கண்ணை மூடவே இல்லை. "போச்சு சார். உள்ளூர் காலேஜுக்கு ஃபார்ம் போட்டிருக்கியள்லா?" என்றார். என் மேல் இருந்த பரிதாபத்தில் ஒரு பாக்கெட் அப்பளம் சும்மா கொடுத்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் எதிரே சிரித்துப் பேசுவேன், அவள் மாடிக்குப் போனதும் பூங்கொடியிடம், நான் போய் அந்த டாக்டரம்மாவிடம் மன்னிப்புக் கேட்கட்டுமா என்பேன். நீங்க எங்கியும் போகாம இருந்தாலே புண்ணியம் என்பாள்.

ஏப்ரல் பிறந்தபோது ஒரு மத்தியானம் ஆபீசுக்கு போன் வந்தது. "டாட், ஐ காட் இன்." நல்லாப் பாத்தியா, உன் பேர்தானா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். நான் போனை வைத்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

செய்தி ஹில்கிராஃப்டுக்கு அதற்குள் போய்விட்டது. பாய் தன் கணக்கையே மாற்றிக்கொண்டார். "அப்பா உண்மையச் சொன்னா சான்ஸ் கூடுது சார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அடுத்த வருஷம் ஒரு தகப்பனார் எனக்குப் போன் செய்து, தயங்கித் தயங்கி, "சார், எனக்கு அரியர் எதுவும் கிடையாதுங்களே, பரவாயில்லைங்களா?" என்று கேட்டார். மனுஷர் நிஜமாகவே கவலையில் இருந்தார். பிள்ளையைத் தனியாக அனுப்புங்கள், நீங்கள் காரிலேயே இருங்கள், முடிந்தால் நாய் உள்ள வீட்டுப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லி வைத்தேன்.

கார்த்திகா கிளம்புவதற்கு முன், அந்தக் கோடையில், டாக்டரம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்டோம். நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. என்ன சொல்வது என்று தெரியாமல் இட்லியாக வைத்துக்கொண்டே இருந்தேன். அவர்தான் ஆரம்பித்தார்.

"அன்றைக்கு நீங்கள் டியூக்கோடு வெளியே போனதும் நான் இவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? இதுவரை நடந்ததை மறந்துவிடலாம், நான் அதை எதிலும் எழுத மாட்டேன், புதிதாக ஆரம்பிப்போம் என்றேன்."

"டாக்டர், ப்ளீஸ்" என்றாள் கார்த்திகா.

"இவள் வேண்டாம் என்றாள். எழுதுங்கள், என் அப்பா இதற்காக ஒரு வாரமாகத் தயார் செய்திருக்கிறார், என்னை ஸ்கூலில் இறக்கிவிட்டுக் காருக்குள் தனியாகப் பேசிக்கொண்டு போனது எதற்கென்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது, அதை விட்டுவிட்டால் என்னைப் பற்றி எழுத வேறு பெரிதாக ஒன்றுமில்லை என்றாள். அப்புறம் நாங்கள் பேசியது முழுக்க உங்களைப் பற்றித்தான்."

சட்னி எடுத்து வருகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போனேன். சட்னி மேஜை மேல்தான் இருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அறையில் இவர் என் அப்பாவே இல்லை, டிரைவர் என்று அவள் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கோபம் வந்திருக்காது. பதினேழு வயதுப் பெண். காது சிவக்க உட்கார்ந்திருந்தவள். என்னை விட்டுக்கொடுக்க நல்ல வாய்ப்பு கிடைத்தும் விட்டுக்கொடுக்கவில்லை. எந்தச் சாமி புண்ணியமோ, எனக்கு இப்படி ஒரு மகள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கார்த்திகா வந்து என் தோளில் கை வைத்தாள். எப்போதும் இங்கிலீஷில் பேசுகிறவள், அன்று தமிழில் சொன்னாள்.

"அப்பா, இன்டர்வியூ முடிஞ்சுருச்சு. வாங்க, சாப்பிடலாம்."

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கல்யாண வீட்டிலோ ஏர்போர்ட்டிலோ நான் யாரையாவது பிடித்துவைத்துக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து தொடங்கினால் போதும், யாராவது ஒருவர் இதைச் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மருமகன் அமெரிக்காக்காரர். எத்தனை வருஷமாகியும் அவருக்குத் தமிழ் வரவில்லை. இந்த ஒரு வாக்கியம் மட்டும் சுத்தமாக வரும்.